நீர்மூழ்கிக்குக் காது தந்த குளமாவு

ஏவுகணை என்றதும் நம் கண்முன் வருவது ஒடிசாக் கடற்கரைதான். 1989 மே 22 அன்று சாந்திப்பூரிலிருந்து முதல் அக்னி கிளம்பியதும், 2012 ஏப்ரல் 19 அன்று ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடிய அக்னி-5 சீறியதும், ஆலப்புழையில் பிறந்த ஏவுகணை விஞ்ஞானி டெஸ்ஸி தாமஸின் பெயர் நாடெங்கும் பரவியதும் பலரும் அறிந்த கதை. ஆனால் இந்த வாரம் நாம் போகவேண்டியது மலைக்கு. கம்பம் தாண்டி, குமுளியில் எல்லை கடந்து, கட்டப்பனை, செறுதோணி வழியாகத் தொடுபுழைச் சாலையில் போனால் குளமாவு வரும்.

குறவன், குறத்தி என்ற இரு பாறை மலைகளுக்கு நடுவே வில்லாக வளைந்து நிற்கும் இடுக்கி அணையை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நீர்த்தேக்கத்தைத் தாங்குபவை மூன்று அணைகள்: இடுக்கி, செறுதோணி, குளமாவு. குளமாவுப் பக்கமிருந்துதான் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கி, மூலமற்றத்தில் மலையின் வயிற்றுக்குள் இருக்கும் 780 மெகாவாட் மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. அதே நீரில் இன்னொரு வேலையும் நடக்கிறது. கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகம் நீருக்கடியில் ஒலியால் தேடும் தன் சோனார் கருவிகளை இங்கேதான் சோதிக்கிறது.

ஏவுகணைக்கும் சோனாருக்கும் என்ன உறவு? 1957 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் ஏவிய ஆர்-7தான் உலகின் முதல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. திரவ எரிபொருளை நிரப்பவே மணிக்கணக்காகும். அதுவரை திறந்தவெளி மேடையில் நிற்கும் ஏவுகணை, எதிரிக்கு எளிய இலக்கு. அதனால் வல்லரசுகள் நிலத்தடிக் குழிகளுக்குப் போயின, லாரிகளில் ஏற்றின, கடைசியில் கடலுக்கடியில் ஒளித்தன. 1960-ல் அமெரிக்கா நீருக்குள்ளிருந்து போலாரிஸ் ஏவுகணையை ஏவியது. இன்று பிரிட்டனின் அணு ஆயுதம் முழுவதும் நீர்மூழ்கிகளில்தான். அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் நிலத்திலும் நீரிலும் வைத்திருக்கின்றன. பிரான்ஸ் நீர்மூழ்கிகளையும் விமானங்களையும் நம்புகிறது. வடகொரியா நிலத்திலிருந்து ஏவிக் காட்டிவிட்டது.

இந்தியா 'அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்று 2003-ல் முறையாக அறிவித்த நாடு. அப்படிச் சொன்னவனுக்கு, முதல் அடியை வாங்கிய பிறகும் மிஞ்சி நிற்கும் ஆயுதம் வேண்டும். அது அரிஹந்த் போன்ற நீர்மூழ்கிக்குள் இருக்கிறது: 750 கிலோமீட்டர் செல்லும் கே-15, 3,500 கிலோமீட்டர் செல்லும் கே-4 ஏவுகணைகள்.

கடலுக்கடியில் பெரும்பாலான ரேடியோ அலைகள் சில மீட்டரிலேயே மடிந்துவிடும். ஒளியும் வெகுதூரம் போகாது. ஒலி மட்டுமே போகும். தானாக ஒலி எழுப்பித் தேடினால் இருக்குமிடம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே நீர்மூழ்கி பெரும்பாலும் வாய்மூடிக் கேட்டுக்கொண்டே நகர்கிறது. பகைவரின் கப்பலை அது முதலில் கேட்காவிட்டால், உள்ளிருக்கும் ஏவுகணையின் தூரக் கணக்கெல்லாம் வீண்.

அந்தச் செவியான சோனாரை அளந்து பார்க்க அமைதியான, ஆழமான நீர் வேண்டும். கடலில் அலை இரையும், கப்பல் இரையும், இறால்கூடச் சொடுக்கும். மலைகள் சூழ்ந்த குளமாவில் அந்த இரைச்சல் இல்லை. 2024 ஏப்ரல் 17 அன்று இங்கே 'ஸ்பேஸ்' என்ற புதிய மிதவைத் தளம் திறக்கப்பட்டது. சென்னையின் எல் அண்ட் டி கப்பல் கட்டும் நிறுவனம் செய்தது. மேலே ஒரு தளம் மிதக்கும். அதிலிருந்து இன்னொரு தளத்தை வின்ச் மூலம் 100 மீட்டர் ஆழம்வரை இறக்கலாம். கருவிகளை அதில் பொருத்தி, எந்தத் திசையில் எவ்வளவு கேட்கிறது என்று ஆழம் ஆழமாக அளக்கிறார்கள். வேலை முடிந்ததும் மேலே இழுத்து மிதவையோடு சேர்த்துவிடுவார்கள்.

வடக்கே பாலக்காட்டு எல்லையில், வாளையாறு தாண்டிய கஞ்சிக்கோட்டிலும் ராணுவ வாகனங்கள் செய்யும் பெமல் தொழிற்சாலை உண்டு. ஆனால் என் பார்வையில், நம் எல்லையோரத்தில் ஏவுகணை வரலாற்றுக்கு நெருக்கமான இடம் குளமாவுதான். 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்ற வாக்கைத் தளர்த்தலாம் என அவ்வப்போது குரல்கள் எழுகின்றன. எழக்கூடாத குரல்கள் அவை. பொறுத்திருந்து பதிலடி தரும் வலிமைக்காகத்தான் இத்தனை பேர் இந்த மலையில் உழைக்கிறார்கள். அந்த வாக்கை இந்தியா கைவிடக் கூடாது.

அடுத்த வாரம்: ஒரே அக்னி-5 பல ஆயுத முனைகளைச் சுமந்து பறந்த 2024 மார்ச் 11.

(தொடரும்)