அசிசி நகர்ப் புனித கிளாராவின் வறுமைக் கோட்பாடு: கீழ்ப்படிதலும் உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

அசிசி நகர்ப் புனித கிளாரா (1193/94–1253) புனித பிரான்சிசின் முதல் பெண் சீடர் என்ற அளவிலேயே பெரிதும் அறியப்படுகிறார். உடைமை எதுவும் இல்லாத மடவாழ்வை அவர் ஒரு சட்ட உரிமையாகவே நாற்பது ஆண்டுகள் கோரி நின்றார் என்பதையும், அக்கோரிக்கையே அவருடைய ஆன்மிகத்தின் மையம் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கிளாரா, அசிசி, சான் தமியானோ, வறுமைச் சலுகை, ஒழுங்குவிதி, பெண்துறவு

முன்னுரை

இடைக்கால ஐரோப்பாவில் பெண்துறவியர் மடங்கள் பெரும்பாலும் நிலவருவாயைச் சார்ந்து இயங்கின. மடத்தில் சேரும் பெண்ணின் குடும்பம் கொடைப்பொருள் வழங்குவது வழக்கம். துறவி தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாவிடினும், அவர் வாழும் மடம் செல்வமுடையதாக இருக்கலாம். தனியொருவரின் வறுமையைத் திருச்சபை நெடுங்காலமாகவே போற்றி வந்தது. கிளாரா கோரியதோ மடத்தின் வறுமை. தனித்துறவியின் வறுமைக்கும் மடத்தின் வறுமைக்கும் இடையிலான இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால்தான் அவருடைய வாழ்வை முழுமையாகப் புரிந்துகொள்ள இயலும்.

துறவு மேற்கொண்ட வரலாறு

அசிசியின் உயர்குடி ஒன்றில் ஃபவரோனே, ஒர்த்தோலானா ஆகியோரின் மகளாகக் கிளாரா பிறந்தார். பொதுவாக 1212 எனக் கொள்ளப்படும் ஆண்டின் குருத்து ஞாயிறன்று இரவில் வீட்டைவிட்டு வெளியேறி, போர்சியுங்குலா சிற்றாலயத்தை அடைந்தார். அங்குப் பிரான்சிஸ் அவருடைய கூந்தலைக் களைந்து துறவு வாழ்வில் சேர்த்தார். பின்னர்ப் புனித பவுல் மடத்தில் தங்கியிருந்தபோது உறவினர் அவரை மீட்டுச்செல்ல முயன்றனர். கிளாரா பீடத்துணியைப் பற்றிக்கொண்டு, மழிக்கப்பட்ட தலையைக் காட்டி மறுத்தார் என்று அவருடைய வரலாற்று நூல் கூறுகிறது. சில நாட்களில் அவருடைய தங்கை ஆக்னசும் வந்து சேர்ந்தார். இறுதியில் அசிசி நகர மதிலுக்கு வெளியே அமைந்த சான் தமியானோ ஆலயம் அவர்களின் நிலையான இல்லமாயிற்று. கிளாரா தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

திருத்தந்தையரின் அக்கறையும் கிளாராவின் மறுப்பும்

1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் புதிய துறவற ஒழுங்குவிதிகளை உருவாக்குவதைத் தடை செய்தது. இதனால் புதிய பெண்துறவியர் குழுக்கள் ஏற்கெனவே ஏற்கப்பட்ட விதி ஒன்றைச் சார்ந்தே இயங்க நேர்ந்தது. கர்தினால் ஊகோலினோ 1219ஆம் ஆண்டு வாக்கில் இக்குழுக்களுக்கென வகுத்த அமைப்புச் சட்டம் புனித பெனடிக்டின் விதியை அடிப்படையாகக் கொண்டது. கடுமையான அடைப்பு வாழ்வை வலியுறுத்திய அச்சட்டம் மடங்கள் உடைமை கொள்வதைத் தடுக்கவில்லை.

ஊகோலினோவின் நிலைப்பாடு காரணமற்றதன்று. பிரான்சிசின் சகோதரர்கள் ஊர்தோறும் சென்று உழைக்கவும் இரக்கவும் இயலும். அடைப்பு மடத்துப் பெண்களுக்கு அவ்வழி இல்லை. நிலையான வருவாய் இன்றி அவர்கள் பட்டினியால் வாடக்கூடும் என்பது அவருடைய அச்சம். ஒன்பதாம் கிரகோரி என்னும் பெயரில் திருத்தந்தையான பின், 1228இல் அவரே கிளாராவை உடைமைகளை ஏற்குமாறு வற்புறுத்தினார். வறுமை வார்த்தைப்பாடுதான் தடையெனில் அதிலிருந்து விடுவிப்பதாகவும் கூறினார். பாவங்களிலிருந்து விடுதலை வேண்டுமேயன்றிக் கிறிஸ்துவைப் பின்செல்வதிலிருந்து விடுதலை வேண்டா என்ற பொருளில் கிளாரா மறுமொழி அளித்ததாக அவருடைய வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று திருத்தந்தை ‘வறுமைச் சலுகை’ எனப்படும் ஆவணத்தை வழங்கினார். உடைமைகளை ஏற்குமாறு இச்சகோதரிகளை எவரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். இதற்கு முன்பே 1216இல் மூன்றாம் இன்னொசென்ட் இத்தகைய சலுகையை அளித்தார் என்னும் கருத்தின் உண்மைத்தன்மை அறிஞரிடையே விவாதத்திற்குரியது.

திருச்சபையிடமிருந்து சலுகை பெறுவது அக்காலத்தில் பொதுவாகச் சொத்தையோ வருவாயையோ காத்துக்கொள்வதற்காகவே இருந்தது. கிளாரா அதே சட்டவடிவத்தைச் சொத்தின்மையைக் காப்பதற்குப் பயன்படுத்தினார். திருச்சபையின் அதிகாரத்தை மீறாமல், அவ்வதிகாரத்தின் முத்திரையைக் கொண்டே தம் வாழ்வுமுறையை அவர் காத்துக்கொண்டார்.

1230இல் திருத்தந்தையின் ஆணையொன்று, அவருடைய அனுமதியின்றிச் சகோதரர்கள் பெண்துறவியர் மடங்களுக்குச் செல்வதைத் தடுத்தது. ஆன்ம உணவாகிய மறையுரை தடைப்படுமாயின் உடலுணவும் வேண்டா எனக் கிளாரா, தங்களுக்காக இரந்து உணவு கொண்டுவந்த சகோதரர்களைத் திருப்பி அனுப்பினார். திருத்தந்தை தடையைத் தளர்த்தினார் என்றும் அவ்வரலாற்று நூல் தெரிவிக்கிறது.

ஆக்னசுக்கு எழுதிய மடல்கள்

பொகேமிய மன்னர் முதலாம் ஒட்டக்காரின் மகள் ஆக்னஸ், பேரரசர் இரண்டாம் பிரடெரிக்குடனான மணத்தை மறுத்து 1234இல் பிராகு நகரில் துறவு மேற்கொண்டார். அவருக்குக் கிளாரா எழுதிய நான்கு மடல்கள் எஞ்சியுள்ளன. 1238இல் ஆக்னஸ் மடத்திற்கும் வறுமைச் சலுகை கிடைத்தது. ஆயினும் அவர் வேண்டிய தனி ஒழுங்குவிதியைத் திருத்தந்தை ஏற்கவில்லை. தம் அழைப்புக்கு மாறான அறிவுரையை எவர் கூறினும் அவரை மதிக்கலாம், அவ்வறிவுரையைப் பின்பற்ற வேண்டா என்று இரண்டாம் மடலில் கிளாரா வழிகாட்டுகிறார். மதிப்பும் மறுப்பும் ஒருங்கே நிற்கும் இந்நிலை அவருடைய வாழ்வு முழுவதிலும் காணப்படுகிறது.

மூன்றாம் மடலில் அளவுகடந்த நோன்பைத் தவிர்க்குமாறு அவர் கேட்டுக்கொள்கிறார். இது பட்டறிவிலிருந்து பிறந்த அறிவுரை. இளமையில் அவர் மேற்கொண்ட கடும் நோன்பைக் கண்டு, நாள்தோறும் ஒன்றரை அவுன்ஸ் ரொட்டியாவது உண்ணுமாறு பிரான்சிசும் அசிசி ஆயரும் பணிக்க நேர்ந்தது. பின்னாளில் நெடுங்காலம் அவர் நோயுற்றிருந்தார். எனவே கிளாராவின் வறுமையை உடலை ஒறுக்கும் தவமாக மட்டும் கருதுவது பொருந்தாது. நான்காம் மடலில் கிறிஸ்துவை ஒரு கண்ணாடியாக உருவகித்து, அதில் தீவனத்தொட்டியில் கிடந்த குழந்தையின் வறுமையையும், வாழ்வின் தாழ்மையையும், சிலுவையில் வெளிப்பட்ட அன்பையும் நாள்தோறும் உற்றுநோக்கச் சொல்கிறார். ஏழையாகப் பிறந்த கிறிஸ்துவோடு ஒன்றித்தலே அவ்வறுமையின் பொருள்.

கிளாரா வகுத்த ஒழுங்குவிதி

1247இல் நான்காம் இன்னொசென்ட் அளித்த புதிய விதி, பிரான்சிசின் பெயரை ஏற்றபோதிலும் பொதுவுடைமைக்கு இடமளித்தது. அதன்பின் கிளாரா தாமே ஒழுங்குவிதி ஒன்றை வகுத்தார். பெண்துறவியருக்கெனப் பெண் ஒருவர் வகுத்துத் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற முதல் விதியாக இது கருதப்படுகிறது.

இவ்விதியின்படி மடத்தின் தனிமைக்குத் தேவையான அளவு நிலம் மட்டுமே இருக்கலாம்; சகோதரிகளின் தேவைக்கான தோட்டமாகவன்றி வேறு வகையில் அதில் பயிரிடக் கூடாது. மடத்தலைவியைச் சகோதரிகள் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரம் ஒருமுறையேனும் அவர் அனைவரையும் கூட்டிக் கலந்தாய வேண்டும். இளையவருக்கும் இறைவன் நல்லதை வெளிப்படுத்துவார் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். அனைவரின் இசைவின்றிப் பெருங்கடன் பெறலாகாது. நிலவருவாய் இல்லாத மடத்தில் உழைப்பும் பற்றாக்குறையும் எல்லாருக்கும் பொதுவாகின்றன. ஆகவே முடிவெடுத்தலும் பொதுவாகிறது. வறுமைக்கும் சமத்துவத்திற்கும் இடையே உள்ள இத்தொடர்பு இவ்விதியின் தனிச்சிறப்பாகும்.

முடிவுரை

1252 செப்டம்பரில் கர்தினால் ரைனால்தோ இவ்விதிக்கு ஒப்புதல் அளித்தார். திருத்தந்தை 1253 ஆகஸ்ட் 9 அன்று அதனை உறுதிப்படுத்தினார். ஆகஸ்ட் 11 அன்று கிளாரா இறந்தார். 1255இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். எனினும் 1263இல் நான்காம் உர்பன் வழங்கிய, உடைமைக்கு இடமளிக்கும் விதியையே பெரும்பாலான மடங்கள் ஏற்றன. கிளாரா பெற்ற வெற்றி சில மடங்களின் எல்லைக்குள் சுருங்கியது.

அவருடைய விதியின் மூல ஆவணம் 1893இல் அசிசி மடத்தில் கண்டெடுக்கப்பட்டது. புனிதர்பட்ட விசாரணையில் உடன்வாழ்ந்த சகோதரிகள் அளித்த சாட்சியங்கள் 1920இல் பதிப்பிக்கப்பட்டன. இவ்விரண்டும் கிளாராவைப் பிரான்சிசின் நிழலாகக் காணும் பார்வையை மாற்ற உதவின. கிளாரா தம்மைப் பிரான்சிசு நட்ட சிறுசெடி என்றே குறிப்பிட்டார். ஆயினும் பிரான்சிசு இறந்த 1226க்குப் பின் இருபத்தேழு ஆண்டுகள் இப்போராட்டத்தை முன்னெடுத்தவர் அவரே. முத்திரையிட்ட ஆணைமடலை முத்தமிட்ட மறுநாள் இறக்க வேண்டும் என்பது கிளாராவின் விருப்பமாயிருந்ததாக அச்சாட்சியங்களுள் ஒன்று கூறுகிறது. இறைவேண்டலும் சட்ட ஆவணமும் அவருக்கு வேறுவேறாக இருக்கவில்லை என்பதற்கு அவ்விருப்பமே சான்றாக அமைகிறது.