சிறுவனின் காலும் மாகாணத்தின் சட்டமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கனடாவின் வினிப்பெக் நகரத்து வைத்தியசாலையொன்றில், எலும்பு நோயுற்ற ஏழைச் சிறுவனொருவன் கிடந்தான். காலைத் துண்டிப்பதே வழியென்று கருதப்பட்டது. அவ்வேளையில் சத்திரசிகிச்சை நிபுணரொருவர், தம் மாணவர் பார்த்துக் கற்பதற்குப் பெற்றோர் இசைந்தால் கட்டணமின்றிச் சிகிச்சை செய்வதாகக் கூறினார். கால் பிழைத்தது. அந்நிபுணர் வராதிருந்தால் என்னாகியிருக்கும் என்ற கேள்வி மட்டும் அவனை விட்டு நீங்கவில்லை. டொமி டக்ளஸ் என்னும் அச்சிறுவனே 1944 இல் சஸ்கச்சுவான் மாகாணத்தின் முதலமைச்சரானார்.

கோதுமை விளையும் அச்சமவெளியில் ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவானவை. தனி வைத்தியரொருவருக்கு வேண்டிய வருவாய் சிற்றூர்களிற் கிடைப்பதரிது. ஆதலால் முதலாம் உலக யுத்த காலத்திலேயே அங்குள்ள உள்ளூராட்சி மன்றங்கள் சில, வரிப்பணத்திற் சம்பளங் கொடுத்து வைத்தியரை அமர்த்தத் தொடங்கின. அவ்வழக்கத்தின் மீதே டக்ளஸ் தம் திட்டத்தைக் கட்டினார். 1947 இல், ஆளொருவருக்கு ஆண்டுக்கு 5 டொலர் செலுத்தும் வைத்தியசாலைக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது.

வைத்தியரின் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்பதென்ற அடுத்த படியிலேதான் பெரும்போர் மூண்டது. அரசாங்கம் தம் எசமானாகிவிடும், நோயாளிக்கும் தமக்குமிடையே அதிகாரி புகுவார் என வைத்தியர்கள் அஞ்சினர். 1962 யூலை 1 ஆந் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அவர்களிற் பெரும்பாலோர் தம் சிகிச்சை நிலையங்களை மூடினர். அவசர சிகிச்சை சில வைத்தியசாலைகளில் மட்டுமே கிடைத்தது. டக்ளஸின் பின் முதலமைச்சராயிருந்த ஊட்ரோ லொயிட், முன்னாள் ஆசிரியர், பின்வாங்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ரெயிலர் பிரபு, தாமும் ஒரு வைத்தியர், இரு சாராரையும் இணக்கினார். வைத்தியர் அரசாங்க ஊழியராகார். செய்த சிகிச்சைக்கேற்பக் கட்டணம் பெறுவர். விரும்பினால் திட்டத்துக்கு வெளியேயும் தொழில் செய்யலாம். இவ்வுடன்பாட்டுடன் 23 நாட் போராட்டம் முடிவுற்றது.

1964 தேர்தலில் லொயிட்டின் கட்சி தோற்றது. ஆயினும் வென்றவர்கள் திட்டத்தை அகற்றவில்லை. 1968 இல் அவர்கள் நோயாளரிடம் சிறு கட்டணமொன்றை அறவிட்டனர். 1971 இல் ஆட்சி மாறியபோது அதுவும் நீக்கப்பட்டது. 1966 ஆம் ஆண்டின் மத்திய சட்டம் செலவிற் பங்கேற்க முன்வரவே, 1972 ஆம் ஆண்டளவில் கனடாவின் மாகாணங்கள் யாவும் இவ்வழியிற் சேர்ந்தன.

விவாதம் அத்துடன் ஓயவில்லை. சிகிச்சைக்கு நெடுநாட் காத்திருத்தல் இன்றும் பெருங்குறை. வீட்டிலிருந்து உட்கொள்ளும் மருந்துகள் முதலில் திட்டத்திற் சேரவில்லை. நீரிழிவு மருந்துகள் முதலிய சிலவற்றுக்கு வழிசெய்யும் மத்திய சட்டம் 2024 இலேயே நிறைவேறியது. எதனைச் சேர்ப்பது, யார் செலவை ஏற்பது என்பன பற்றியே இன்று வாதம் நிகழ்கிறது. ஏழையின் சிகிச்சை ஒரு நல்லவரின் இரக்கத்தை நம்பியிருக்கலாமா என்ற பழைய வினாவுக்கோ, அம்மக்கள் 1962 இலேயே விடையளித்துவிட்டனர்.