சியேனாவின் முற்றுப்பெறாத கோயில்

இத்தாலி நாட்டுத் தஸ்கனிப் பகுதியில் குன்றுகளின்மேல் அமைந்த நகரம் சியேனா. அதன் பேராலயத்தைக் காணச் செல்வோர்க்கு முதலில் ஓர் ஐயம் எழும். வெள்ளைப் பளிங்கும் கருங்கல்லும் வரிவரியாக மாறி வரும் ஆலயம் நிறைவோடு விளங்குகிறது. அதன் அருகிலேயே கூரையற்ற பெருஞ்சுவர் ஒன்று தனித்து நிற்கிறது. அதன் உயர்ந்த சாளரத்தின் வழியே தெரிவது வெறும் வானமே. பகைவர் இடித்த கோயிலோ என்று எண்ணத் தோன்றும். அன்று, கட்டத் தொடங்கிக் கைவிடப்பட்ட கோயில் அது.

பழைய ஆலயத்தின் குவிமாடம் 1263-ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. ஆறு மூலைகள் கொண்ட அடித்தளத்தின்மேல் அது எழுந்துள்ளது. முகப்பின் கீழ்ப்பகுதியைச் சிற்பி ஜியோவன்னி பிசானோ 1284 முதல் அணிசெய்தார். ஒரு நகருக்கு இது போதாதா எனலாம். போட்டி நகராகிய புளோரன்ஸ் 1296-இல் புதிய பேராலயம் தொடங்கிய பின்னர், சியேனா மக்களுக்கு அது போதவில்லை.

1339-இல் நகரமன்றம் துணிவான ஒரு முடிவுக்கு வந்தது. இருந்த ஆலயத்தை இடிப்பதில்லை. அதன் முழு நீளத்தையும் சிலுவையின் குறுக்குக் கைகளாக்கி, அதற்குச் செங்குத்தாகப் புதிய நடுக்கூடம் ஒன்றை எழுப்புவது! பெருங்கோயிலே ஓர் உறுப்பாகிவிடும் என்றால், முழுவடிவம் எத்தகையதாய் இருந்திருக்கும்! இப்பணிக்கு நேப்பிள்ஸிலிருந்து அழைக்கப்பெற்றவர் லாந்தோ தி பியேத்ரோ. அவர் பொற்கொல்லர் என்பது நமக்கு வியப்பளிக்கலாம். அக்காலத்தார்க்கு அது வியப்பன்று. மறு ஆண்டே அவர் மறைந்தார். பணி மட்டும் தொடர்ந்தது.

1348-இல் கொள்ளைநோய் வந்தது. நகர மக்களுள் பாதிப்பேர்க்கு மேல் மடிந்தனர் என்று கணிப்போர் உளர். தம் ஐந்து பிள்ளைகளைத் தம் கையாலேயே புதைத்ததாக அவ்வூர் வரலாற்றாசிரியர் அன்யோலோ தி தூரா எழுதிவைத்துள்ளார். கல் தச்சரும் இல்லை, கூலி கொடுக்கப் பொருளும் இல்லை. 1355-இல் ஒன்பதின்மர் ஆட்சியும் வீழ்ந்தது.

பழி முழுவதையும் கொள்ளைநோயின்மேல் சுமத்துவது வழக்கம். அது முழு உண்மையன்று என்பது என் கருத்து. கட்டிய பகுதியை வல்லுநர் ஆராய்ந்தபோது, மேற்பாரத்தைத் தாங்கத் தூண்களுக்கு வலிமை போதாமை புலனாயிற்று. ஆசை வளர்ந்த அளவிற்குத் தூண் பருக்கவில்லை. 1357-இல், இடிந்துவிழக்கூடிய பகுதிகளை அகற்ற ஆணை பிறந்தது.

எஞ்சிய பக்கக்கூடத்தின் வளைவுகளைச் சுவரால் அடைத்து, இன்று அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். 1311-இல் மக்கள் ஊர்வலமாக ஆலயத்துக்கு எடுத்துவந்த துச்சோவின் அன்னை மரியாள் ஓவியம் அங்கேதான் உள்ளது. அங்கிருந்து குறுகிய படிகளில் ஏறினால், அந்தத் தனிச்சுவரின் உச்சியை அடையலாம். கீழே, நடுக்கூடம் அமைந்திருக்க வேண்டிய வெளியில், மக்கள் நடந்து செல்வது தெரியும்.