குற்றப்பரம்பரைச் சட்டமும் குழந்தைப் பிரிப்பும்

குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் குழந்தைப் பிரிப்பு என்பது பிரித்தானிய இந்தியாவில் 'குற்றப்பரம்பரை' என அறிவிக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து அகற்றித் தனி விடுதிகளில் வைத்த நடைமுறை ஆகும். இது நெடுங்காலம் 'சீர்திருத்தப் பணி' என்றே எழுதப்பட்டு வந்தது.

சட்டம்

1871ஆம் ஆண்டுச் சட்டம் 1897இல் திருத்தப்பட்டபோது, 4 முதல் 18 வயது வரையுள்ள சிறுவர்களைப் பிரித்து வைக்க வழி செய்யப்பட்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. தமிழகத்தில் மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். இதன் 17ஆம் பிரிவு 6 வயதுக்கு மேற்பட்ட, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து நீக்கித் தொழில், வேளாண்மை அல்லது சீர்திருத்தப் பள்ளிகளில் சேர்க்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. குழந்தை குற்றம் ஏதும் செய்திருக்க வேண்டியதில்லை, பிறப்பே போதுமானது.

ஸ்டூவர்ட்புரம்

சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தில் 1913இல் அமைந்த ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பை இரட்சணிய சேனை நடத்தியது. எருகுலர் குடும்பங்கள் அங்கு குடியேற்றப்பட்டன. அச்சேனையின் இந்தியப் பணியைத் தொடங்கிய பூத் டக்கர், குற்றத்தைக் குணப்படுத்தும் ஒரு துறையாகவே இப்பணியைப் பற்றி நூல் எழுதினார். பெற்றோரின் செல்வாக்கு பிள்ளைகளைக் கெடுக்கும் என்பதே பிரிப்புக்குச் சொல்லப்பட்ட நியாயம். மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட ஆய்வுநூல் இக்குடியிருப்புகளை விரிவாக ஆராய்கிறது.

மறுப்பு

எழுத்தறிவும் தொழிலும் கிடைத்தன, நோக்கம் நல்லது என்பது பிரிப்பை மறுப்போரின் வழக்கமான வாதம். கனடாவில் ஏறத்தாழ 1,50,000 பழங்குடிப் பிள்ளைகள் சேர்க்கப்பட்ட உறைவிடப் பள்ளிகளைப் பற்றியும் இதுவே கூறப்படுகிறது. அங்கு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் அதனைப் பண்பாட்டு இனப்படுகொலை எனக் குறிப்பிட்ட பின்னரும், 2017இல் மேலவை உறுப்பினர் லின் பேயக் அப்பள்ளிகளின் நற்பணிகளைப் போற்றிப் பேசினார். கனடாவில் உயிர்பிழைத்தோரின் சாட்சியம் ஆணையத்தால் பதிவாயிற்று. இந்தியாவில் அத்தகைய ஆணையம் அமையவில்லை. ஆயினும் பிரிப்பை மறுக்க இயலாது. சட்டத்தின் வாசகமே சான்றாக உள்ளது.

மதுரை வட்டாரத்தின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளை இதனுடன் ஒன்றாகக் கருதுதல் பிழை. அவை பெரும்பாலும் ஊர்ப் பள்ளிகள். எனினும் 'சீரமைப்பு' என்னும் சொல் அக்காலப் பார்வையின் எச்சமே.

நீக்கம்

சென்னை மாகாணத்தில் 1947இலும், அனந்தசயனம் அய்யங்கார் குழுவின் பரிந்துரைக்குப் பின் நாடு முழுவதும் 1952 ஆகத்து 31 அன்றும் சட்டம் நீங்கியது. விடுவிக்கப்பட்ட குடிகள் தமிழ்நாட்டில் சீர்மரபினர் எனப்படுகின்றனர்.