சில்லுகளின் சரித்திரம்

வீட்டில் பீங்கான் கோப்பை ஒன்று கை தவறி விழுந்து உடைந்தால், சில்லுகளைப் பெருக்கித் தெருக்கோடியில் கொட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். நேக் சந்தின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, சில்லுகளை அள்ளும்போது கை சற்றே தயங்குகிறது.

நேக் சந்த் 1924-இல் பிறந்தவர். 1947-இல் தேசம் இரண்டானபோது அவருடைய கிராமம் பாகிஸ்தானோடு போயிற்று. ஊரை விட்டு இந்தியாவுக்கு வந்த லட்சோபலட்சம் அகதிகளில் அவரும் ஒருவர். லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாபுக்கும் அப்போது ஒரு தலைநகர் வேண்டியிருந்தது. லெ கொர்புசியே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சண்டீகரை வரைந்து கொடுத்தார். நூல் பிடித்தாற்போன்ற சாலைகள். கணக்குப் பார்த்துப் பிரித்த வட்டாரங்கள். அந்தப் புது நகரத்தில் நேக் சந்துக்குக் கிடைத்த உத்தியோகம் சாலை இன்ஸ்பெக்டர்.

புது நகரம் எழ வேண்டுமானால் பழைய கிராமங்கள் போக வேண்டும் அல்லவா? பல கிராமங்களை இடித்தார்கள். சரித்திரம் எழுதுகிறவர்கள் கட்டியதைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். இடித்ததை யாரும் எழுதுவதில்லை. உடைந்த பானையும் ஓட்டுத் துண்டும் வளையல் சில்லும் குவிந்து கிடந்தன. தன் ஊரையே பறிகொடுத்து வந்தவருக்கு அந்தக் குவியல் வெறும் குப்பையாகத் தோன்றவில்லை.

சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் புதர் மண்டிய ஒரு பள்ளம். அங்கே எதையும் கட்டக் கூடாது என்பது சட்டம். 1957 வாக்கில், வேலை நேரம் போக, நேக் சந்த் யாருக்கும் தெரியாமல் அங்கே சாமான்களைச் சேர்க்கத் தொடங்கினார். குப்பையிலிருந்து கிடைத்தவை பாதி. மலையடிவாரத்து ஓடைகளில் பொறுக்கிய விநோதமான கற்கள் பாதி. எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கொண்டு வந்தார். பழைய இரும்பை எலும்பாக நிறுத்தி, சிமெண்டைச் சதையாகப் பூசி, மேலே வளையல் துண்டுகளைச் சேலையாகப் பதித்தார். இரவில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார்.

நகரத்தில் மனிதர்களுக்கு ஞாபகச் சிலை வைக்கக் கூடாது என்று கொர்புசியே விதித்திருந்தார். நேக் சந்தின் சிலைகளோ பிரமுகர்கள் அல்ல. குடம் சுமக்கும் பெண்கள், ஆடுகிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள்: பெயரில்லாத ஜனங்கள். முன்வாசல் வழியாக வெளியேற்றிய கிராமம் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1970-களின் நடுவில் குட்டு வெளிப்பட்டது. சர்க்கார் நிலத்தில், அனுமதியின்றி, அதுவும் ஒரு சர்க்கார் ஊழியர்! சட்டத்தைப் பார்த்தால் அத்தனையையும் இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆளுக்கு ஆள் காட்டை வளைத்துக்கொண்டால் நகரம் என்ன ஆகும்? ஆனால் நேக் சந்த் தம் சுயலாபத்துக்காக எதையும் கட்டவில்லையே! கடைசியில் அதிகாரம், அபூர்வமாக, கண்ணைத் திறந்து பார்த்தது. 1976-இல் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்து, உதவிக்கு ஐம்பது தொழிலாளர்களையும் கொடுத்தார்கள். 1984-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

கதை இங்கே முடிந்தால் சுபம். 1996-இல் அவர் வெளிநாடு போயிருந்த சமயத்தில், நிர்வாகம் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. விஷமிகள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். 2015-இல் நேக் சந்த் காலமானார். 2025-இல் சாலையை அகலமாக்குவதற்காகத் தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள்.

அந்தச் சுவரின் கற்களும் எங்கேயோ குப்பையாகக் குவிந்திருக்கும். மறுபடி அவற்றைப் பொறுக்கி எடுக்க, சைக்கிளில் ஒருவர் வர வேண்டும். வந்தால், நாம் அவரை என்ன செய்வோம்?