இந்த வயதில் எதற்கு?

எழுபத்திரண்டு வயதில் அம்மா ஒருநாள், "இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுடி" என்றாள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் தலை நிமிராமலே, "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றேன். வயதுக்கு வந்ததும் ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு" என்று அப்போது அவளுடைய அப்பா கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் அதிக தூரமில்லை. அம்மா அதன் பிறகு என்னிடம் கேட்கவில்லை. முதியோர் மையங்களின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அவள் போன பிறகுதான். ஆய்வு ஆர்வம் என்று சொல்லிக்கொள்ளலாம். குற்ற உணர்வு என்பதே சரி.

முதியோர் மையம் என்றதும் நமக்கு முதியோர் இல்லம் நினைவுக்கு வந்துவிடுகிறது. இது வேறு. காலையில் பையை எடுத்துக்கொண்டு போய், பிற்பகலில் சொந்த வீட்டுக்கே திரும்பிவிடும் இடம். அங்கே வகுப்பு நடக்கும், சீட்டாட்டம் நடக்கும், மதியச் சாப்பாடு கிடைக்கும். யாராவது யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டும் இருப்பார்கள். அமெரிக்காவில் இத்தகைய மையங்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1943இல் தொடங்கிய வில்லியம் ஹாட்சன் மையம். நகரப் பொதுநலத் துறையின் ஆணையராக இருந்து, அவ்வாண்டு ஜனவரியில் விமான விபத்தில் இறந்தவரின் பெயர் அது. உதவித்தொகை வாங்கும் முதியவர்கள் வேலை ஏதும் இல்லாதபோதும் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பதைச் சமூகப் பணியாளர்கள் கவனித்தார்கள். வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது பேச்சுத்துணை. துறை ஓரிடத்தையும், பழைய மேசை நாற்காலிகளையும், சில விளையாட்டுப் பொருள்களையும் கொடுத்தது. பொழுது போனால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தப்பு என்பது அங்கே வேலை பார்த்த சூசன் கூபி, கெர்ட்ரூட் லாண்டாவ் என்ற இரு பெண்களுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. முதியவர்களோடு குழுவாகப் பணிசெய்த அனுபவத்தை அவர்கள் 1953இல் புத்தகமாக்கினார்கள்.

பிறகு சட்டங்கள் வந்தன. 1965இல் முதிய அமெரிக்கர்களுக்கான சட்டம், 1972இல் அதன் கீழ் உணவுத் திட்டம், 1973இல் மையங்களுக்கான திருத்தம். ஊருக்கு ஊர் மையங்கள் பெருகின.

எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. மேகி கூன் 65 வயதானதும் 1970இல் தன் திருச்சபை வேலையிலிருந்து கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார். உடன் வேலை பார்த்தவர்கள் தந்த பிரிவுப் பரிசு ஒரு தையல் இயந்திரம். வாழ்நாளெல்லாம் அமைப்பு வேலை செய்த ஒருத்திக்குத் தையல் இயந்திரம்! அவர் அதைப் பயன்படுத்தவே இல்லை. தன்னைப் போல வெளியேற்றப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு 'கிரே பேந்தர்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். முதியோர் மையங்களை அவர், குழந்தைகளை இறக்கிவிட்டு நாலு பக்கமும் தட்டி அடைக்கும் விளையாட்டுக் கூண்டு என்று கேலி செய்தார். சும்மா விளையாடிக்கொண்டிரு, பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்பதுதான் அந்த ஏற்பாடு என்பது அவர் வாதம். நியாயமான வாதம். ஆனால் கூனுக்குப் படிப்பும் மேடையும் முன்பே கிடைத்திருந்தன. அவை கிடைக்காத பெண்கள் அந்தக் கூண்டுக்குள் போய் என்ன செய்தார்கள்?

இதற்கு விடை எனக்குப் பார்பரா மயர்ஹாஃபிடம் கிடைத்தது. மெக்ஸிகோவின் வீச்சோல் பழங்குடியினரிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் அவர். 1970களில் கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில் இருந்த இஸ்ரேல் லெவின் முதியோர் மையத்துக்குப் போனார். கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர்களில் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்து உழைத்து ஓய்ந்த யூதர்கள் அங்கே கூடினார்கள். பலர் எண்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் படித்து முன்னேறி வேறெங்கோ இருந்தார்கள். வருமானம் சொற்பம், வாடகையோ ஏறிக்கொண்டே போனது. மயர்ஹாஃப் அங்கே வாழ்க்கை வரலாற்று வகுப்பு ஒன்றை நடத்தினார். 'நம்பர் அவர் டேஸ்' புத்தகமும், லின் லிட்மன் இயக்கி 1977இல் ஆஸ்கர் பெற்ற அதே பெயருள்ள குறும்படமும் அதிலிருந்து வந்தவை. நானும் ஒருநாள் இப்படி ஒரு யூதக் கிழவி ஆகத்தானே போகிறேன் என்ற எண்ணமும் அவரை அங்கே அழைத்துப்போனது. அவர் கிழவி ஆகவில்லை. 1985இல், 49 வயதில் இறந்துபோனார். எனக்கு இப்போது 46.

அந்த மையத்தில் ஓயாத சண்டை. மயர்ஹாஃப் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. ஒருவரோடு சண்டை போட வேண்டுமானால் அவர் உங்களைப் பொருட்படுத்த வேண்டும், நீங்களும் அவரைப் பொருட்படுத்த வேண்டும். யாரும் கண்டுகொள்ளாமல் இருப்பதைவிடச் சண்டை எவ்வளவோ மேல்.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது அங்கே நடந்த ஒரு பட்டமளிப்பு. இட்டிஷ் வரலாறு படித்த மாணவர்களுக்காக நடந்த விழா அது. யூத மரபில் சமய நூலின் ஒரு பகுதியைப் படித்து முடித்தால் 'சியூம்' என்று கொண்டாடுவார்கள். அது ஆண்களுக்கானது. அந்தச் சிற்றூர்களில் பையன்கள் சிறு வயதிலேயே எபிரேயம் படிக்கப் போவார்கள், பெண்களுக்கு அந்த வாசல் திறப்பதில்லை. வெனிஸ் முதியவர்கள் சியூமையும் அமெரிக்கப் பட்டமளிப்பையும் ஒன்றாகக் குழைத்து ஒரு சடங்கை உண்டாக்கிக்கொண்டார்கள். எண்பது வயதுக் கிழவிகள் பட்டதாரிகள் ஆனார்கள். இதைப் பற்றி மயர்ஹாஃப் எழுதிய கட்டுரையின் தலைப்பு, அச்சிட்ட தாளில் நாங்கள் ஹெர்ரிங் மீனைப் பொட்டலம் கட்டுவதில்லை என்று பொருள்படும். எழுத்துக்கு அவர்கள் தந்த மரியாதை அது. நாமும் காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள்தான், ஆனால் மளிகைக்கடையில் எல்லாவற்றையும் அச்சிட்ட தாளில்தான் கட்டினோம். நல்லவேளை என்றே நினைக்கிறேன். அம்மா துவரம்பருப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிவிட்டு, அந்தத் தாளை அடுப்படியிலேயே நின்று இரண்டு பக்கமும் படிப்பாள். தொடர்கதையின் நடுப்பக்கம் ஒன்று, தேர்தல் செய்தி பாதி. அவளுடைய நூலகம் அவ்வளவுதான்.

மயர்ஹாஃப் இன்னொன்றையும் கவனித்தார். ஆண்களைவிடப் பெண்கள் முதுமையை நன்றாகச் சமாளித்தார்கள். சம்பாதிப்பவன் என்ற இடம் போனதும் ஆண் வெறுமையானான். சமைப்பதும் பேணுவதும் பெண்ணிடமே தங்கின, அவற்றுக்கு ஓய்வு வயது கிடையாது. இதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். ஓய்வே இல்லாத வேலையை வலிமை என்று புகழ்வதில் ஓர் அபாயம் இருக்கிறது. தன்னார்வத் தொண்டு விஷயத்திலும் இதே சிக்கல். 1960களின் பின்பாதியில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில், ஜேனட் சைனரின் வழிகாட்டலில் முதியவர்கள், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான அரசு விடுதியில் தொண்டு செய்யப் போனார்கள். அந்த முயற்சி பிறகு நாடு தழுவிய திட்டமானது. ஏறக்குறைய அதே காலத்தில் 'நேஷனல் ஆர்கனைசேஷன் ஃபார் விமன்', கூலியில்லாச் சேவையைப் பெண்கள் தலையில் கட்டுவதைக் கேள்வி கேட்டது. சமூகத்தை மாற்றும் வேலையானால் தொண்டு செய்யுங்கள் என்றது. கொள்கையளவில் நான் அதன் பக்கம். ஆனால் ஐம்பது ஆண்டுகள் வீட்டுக்குள் உழைத்தும் ஒரு நன்றி கேட்காத பெண், வெளியே போய்ச் செய்த வேலைக்குப் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டப்படும்போது அவளிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

1980 வாக்கில் அந்த வெனிஸ் நடைபாதையில் மையத்து மூதாட்டி ஒருவர் மீது சைக்கிள் மோதியது. அவர் இறந்துபோனார். ஓட்டி வந்த இளைஞன் சொன்ன காரணம், தான் அவரைப் பார்க்கவில்லை என்பது. அந்த வரியைப் படித்தபோது, விடைத்தாளில் கவிழ்ந்திருந்த என் தலை நினைவுக்கு வந்தது.

மையத்தினர் இரங்கல் கூட்டத்தோடு நிற்கவில்லை. வெற்றுச் சவப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வெனிஸில் சாவு வேண்டாம், வாழ்வு வேண்டும் என்று முழங்கிக்கொண்டு, அதே நடைபாதையில் ஊர்வலமாக நடந்தார்கள். பட்டம் வாங்கிய கிழவிகளில் நடக்க முடிந்தவர்கள் எத்தனை பேர் அதில் போயிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.