சேதத்தை எழுதித் தர ஆளில்லாத வீடுகள்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின் மொத்தப் பொருளிழப்பு சுமார் 220 கோடி டாலர் என்றும், அதில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏற்றுக்கொண்டது சுமார் 75 கோடி டாலர் என்றும் ஸ்விஸ் ரீ என்னும் மறுகாப்பீட்டு நிறுவனம் மதிப்பிட்டது. இந்திய இன்சூரன்ஸ் வரலாற்றின் மிகப் பெரிய தொகைகளுள் அது ஒன்று. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் காருக்கும்தான் போனது; வீடுகளுக்குப் போனது சொற்பம். சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் தொழிற்பேட்டைக்குள்ளும் குடியிருப்புக்குள்ளும் புகுவது ஒரே ஏரித் தண்ணீர். தொழிற்பேட்டைக்காரர் கிளைம் போடுகிறார். பக்கத்துத் தெரு வீட்டுக்காரர் நகையை அடகு வைக்கிறார். காரணம் கேட்டால் ‘நம் மக்களுக்கு விழிப்புணர்வு போதாது’ என்ற பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் தவறு என்பது என் வாதம். எல்.ஐ.சி. பாலிசிக்கும் ஏலச்சீட்டுக்கும் மாதம் தவறாமல் பணம் கட்டிய ஊர்கள் இவை. நாளைய கஷ்டத்துக்கு இன்றே பணம் ஒதுக்க இவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சேதத்தை எழுத்தில் கொண்டுவரும் ஆள் ஒவ்வொரு காலத்திலும் யாருக்காக வந்தார் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கிராமக் கணக்கு எழுதிய கர்ணம் சர்க்காருக்காக வந்தார், நட்டத்தை மதிப்பிடும் சர்வேயர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வந்தார், பாலிசியே வங்கிக்காகத்தான் வந்தது. வீட்டுக்காரருக்காக யாரும் வரவில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஏரிப் பாசனத்தை நம்பிய கிராமங்களாக இருந்த காலத்தில், பயிர் சாவியாய்ப் போனால் கர்ணம் பார்த்து எழுதுவார். அதை வைத்துத் தீர்வை வஜா, அதாவது நிலவரித் தள்ளுபடி, ஆகும். கூரை வீடு எரிந்தாலும் அதே வழிதான்: கிராமத்து அறிக்கை தாசில்தாருக்குப் போகும், வேட்டி சேலையும் அரிசியும் கொஞ்சம் ரொக்கமும் வரும். கர்ணம் பதவி 1980-ல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. 2015-ல் தண்ணீர் புகுந்த வீட்டுக்கு 5,000 ரூபாய், குடிசை இழந்தவருக்கு 10,000 ரூபாய், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் என்று வந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி. இந்த முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. யாரிடமும் பில் கேட்காத, அடுத்த வேளைக்கு உலை வைக்க உதவிய பணம் அது. ஆனால் போனது எவ்வளவு என்ற கேள்விக்கும் வந்த தொகைக்கும் அங்கே சம்பந்தமே கிடையாது. எட்டு லட்சம் இழந்தவரும் எண்ணூறு ரூபாய் இழந்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். சேதத்தை ஒவ்வொன்றாக எழுதிக் கணக்குப் போட வேண்டிய தேவை வீட்டுக்குள் எழவே இல்லை.

தீ இன்சூரன்ஸ் இந்தியாவுக்கு வந்த வழியே வேறு. 1850-ல் கல்கத்தாவில் தொடங்கிய டிரைட்டன் கம்பெனியிலிருந்து அது சரக்கையும் கிடங்கையும் சுற்றியே வளர்ந்தது; சென்னையிலும் துறைமுகத்தை ஒட்டிய வெள்ளைக்காரக் கம்பெனிகள்தான் அதன் வாடிக்கை. மேற்குப் புறநகருக்குள் அது ஆலைகளோடு சேர்ந்து நுழைந்தது. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. பட்டறை போட வங்கிக் கடன், கடனுக்குத் தீ பாலிசி என்பது நடைமுறை ஆயிற்று. 1968-ல் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நட்டத்தை லைசென்ஸ் பெற்ற சர்வேயர் மதிப்பிட்டுத்தான் பணம் தர வேண்டும் என்றார்கள். 1973-ல் பொது இன்சூரன்ஸ் நாட்டுடைமையாகி நான்கு கம்பெனிகளாகத் திரண்டபோது, அவற்றுள் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையிலேயே அமைந்தது. பட்டறைக்குள் வரும் சர்வேயர் முதலில் கேட்பது ஸ்டாக் ரிஜிஸ்டர். அது மேசையில் இருக்கும். மெஷின் வாங்கிய இன்வாய்ஸ், அதன் தேய்மானக் கணக்கு, மாதக் கடைசிக் கையிருப்பு எல்லாம் ஆடிட்டரிடம் இன்னொரு பிரதியாக இருக்கும். தண்ணீர் வடிந்த அன்றே அக்கவுண்டண்ட் பட்டியல் போட உட்கார்ந்துவிடுவார். சிக்கல் என்றால் பேச ஐமா என்னும் உற்பத்தியாளர் சங்கம் உண்டு. கிளைம் நடைமுறை முழுவதும் இப்படி ஒரு இடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

அதே நடைமுறையை வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தபோது நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் மனை வாங்கினார்கள், கூட்டுறவுச் சங்கத்திலும் வீட்டு வசதி வாரியத்திலும் வீட்டுக்குப் பெயர் எழுதிவைத்தார்கள். 1977-ல் எச்.டி.எஃப்.சி., 1988-ல் தேசிய வீட்டு வசதி வங்கி என்று அமைப்புகள் வரவர வீட்டுக்கடன் பரவியது. கூடவே பாலிசியும் வந்தது, ஆனால் கடன் கோப்பின் ஒரு தாளாக. பணம் எதுவானாலும் வங்கிக்கே சேர வேண்டும் என்ற ஷரத்து அதில் இருக்கும். மூலப் பத்திரத்தோடு சேர்த்து வங்கியில் பூட்டிவைத்த பாலிசியைக் கண்ணால் பார்க்காமலே தவணை கட்டி முடித்த குடும்பங்கள் உண்டு. காப்பீட்டுத் தொகையைக் கடன் பாக்கிக்கு ஈடாகப் போட்டுவைத்ததில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருந்தது. திரும்பக் கட்ட 20 லட்சம் ஆகும் வீட்டை 10 லட்சத்துக்கு இன்ஷ்யூர் செய்திருந்தால், 2 லட்ச ரூபாய் சேதத்துக்கு 1 லட்சம்தான் கிடைக்கும். குறைவாகக் காப்பீடு செய்த பங்கு வீட்டுக்காரர் தலையில் விழும் என்பது விதி. இதை முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருந்தது, அது போதும்.

வெள்ளம் வடிந்த வீட்டின் முதல் நாளை நினைத்துப் பாருங்கள். முழங்கால் அளவு சேறு, நாற்றம், வீட்டில் குழந்தையோ வயதானவரோ இருப்பார். யாராக இருந்தாலும் முதலில் துடைப்பத்தைத்தான் எடுப்பார்கள். ஊறிய மெத்தையும் வீங்கிப்போன பலகை அலமாரியும் மாநகராட்சி லாரியில் ஏறிவிடும். பிரிட்ஜையும் மோட்டாரையும் மெக்கானிக் பிரித்துப்போட்டுவிடுவார், பில் இல்லாமல். பத்து நாள் கழித்து சர்வேயர் வரும்போது வீடு சுத்தமாக இருக்கும். மிச்சமிருக்கும் சாட்சி சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஒன்றுதான், அதற்கும் சுண்ணாம்பு அடித்திருந்தால் அதுவும் போயிற்று. பொருள் வாங்கிய ரசீதுகள் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தவை, கூழாகிப் போயிருக்கும். பட்டறையில் கணக்கு எழுதுவது தினசரி வேலை. வீட்டில் அது யாருடைய வேலையும் இல்லை. இரண்டிடத்திலும் ஒரே படிவத்தை நீட்டுவது நியாயமாகத் தெரியலாம், விளைவு நியாயமானதல்ல.

சர்வேயர் சட்டப்படி நடுநிலையானவர், அவரே போதாதா என்று கேட்கலாம். அவருக்கு நடத்தை விதிகள் உண்டு. நேர்மையானவர்கள் நிறையப் பேர். ஆனால் வழக்கமாக அவரை நியமிப்பதும் அவருக்குக் கட்டணம் தருவதும் கம்பெனி. வீட்டுக்காரர் எழுதாமல் விட்டதைத் தேடி எழுதுவது அவர் பொறுப்பல்ல. 2001 தீ இன்சூரன்ஸ் கட்டண விதிகளைப் பாருங்கள்: மறுகட்டுமானத்துக்கான ஆர்க்கிடெக்ட், என்ஜினியர் கட்டணத்துக்கு அதில் வழி இருந்தது, கிளைம் தயாரிக்க ஆகும் செலவு அதில் சேராது என்று அங்கேயே எழுதியும் வைத்தார்கள். உதவி தேவைப்படும் என்று தெரிந்தே அதைக் கணக்கிலிருந்து விலக்கிய வரி அது. ஏஜெண்ட் இருக்கிறாரே என்றால், அவருக்குக் கமிஷன் பாலிசி விற்பதற்குத்தான். 1998 முதல் புகார் தீர்க்க இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் உண்டு, சென்னையிலும் அலுவலகம் உண்டு, செலவில்லை. ஆனால் அங்கே போவது கம்பெனி பதில் சொன்ன பிறகு அல்லது சொல்லாமல் இழுத்த பிறகு. முதல் வாரத்தில் தொலைந்த சாட்சியை எந்த மேல்முறையீடும் திருப்பித் தராது. சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்று 2009-ல் ஒரு வாகன விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. ஆனால் அந்த அறிக்கையை மறுக்கவும் வீட்டுக்காரரிடம் வேறொரு மதிப்பீடு வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பாலிசிதாரர் சார்பாக மட்டும் வேலை பார்க்கும் மதிப்பீட்டாளருக்குத் தனி லைசென்ஸ் இருக்கிறது. அவர் கிளைம் தொகையில் சதவீதம் வாங்குவதால் ஊதிப் பெருக்கும் ஆசை வரும் என்ற குறை நியாயமானது. அதற்காகத்தான் அங்கே லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள்.

ஏரியில் வீடு கட்டிவிட்டு ஈடு கேட்கலாமா என்ற கேள்விதான் இவற்றில் கடுமையானது. கேட்பவர்கள் முகப்பேர் ஏரித் திட்டம் என்ற பெயரை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அது வீட்டு வசதி வாரியம் போட்ட திட்டம். அரசாங்கமே ஒதுக்கிய மனை. முறையாகப் பணம் கட்டி, பதிவு செய்து, வரி செலுத்தியவரை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏரியைக் காப்பது தனிக் கடமை, அதை யாரும் மறுக்கவில்லை. பிரீமியம் வாங்கியவர் வாக்கைக் காப்பாற்றுவது இன்னொரு கடமை.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் விற்க வேண்டிய பாரத் கிரஹ ரக்ஷா பாலிசி பழைய குறைகளில் சிலவற்றை நேராக்கியது. குறைவாகக் காப்பீடு செய்தால் பங்கு பிடிக்கும் விதி அதில் இல்லை. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுச் சாமான்களும் தானாகச் சேரும்; காம்பவுண்டு சுவரும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளே வரும். நல்ல பாலிசி. ஆனால் 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் மழை இதே தெருக்களை மூழ்கடித்தபோதும் பட்டியல் போட ஆள் வரவில்லை. குடியிருப்போர் நலச் சங்கங்கள் இங்கே வடிகாலுக்கும் மின்வெட்டுக்கும் மனு எழுதுவதில் கைதேர்ந்தவை. கிளைம் அவற்றின் வேலைக்குள் இன்னும் வரவில்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் அம்பத்தூர்ப் பட்டறைகளிலும் ஸ்டோர் கீப்பராக, அக்கவுண்டண்டாக, தர ஆய்வாளராக இருந்து, சரக்கையும் சேதத்தையும் கணக்கெழுதியே ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்பது இதே தெருக்களில்தான். தண்ணீர் வடிந்த அன்று காலை, துடைப்பம் எடுப்பதற்கு முன்னால், அவர்களில் இரண்டு பேர் நோட்டோடும் செல்போன் கேமராவோடும் வீடு வீடாகப் போகலாம். லாரியில் ஏறும் முன் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தை அளந்து, தேதி போட்டு வீட்டுக்காரர் கையெழுத்தும் அக்கம்பக்கத்தார் கையெழுத்தும் வாங்கிவிட்டால், சர்வேயர் வரும்போது கேட்கும் ரிஜிஸ்டர் அந்த வீட்டிலும் இருக்கும்.